வெளியே எரிந்த அடுப்பு

பொம்மக்காவின் வீட்டில் ஓமம் இருந்தது. சுக்கு, வெல்லம், வெந்தயம், எள் எல்லாம் இருந்தன. இத்தனையும் அடுப்படியில் இருந்தன. அவை யாருக்கு வேண்டுமோ அவள் மட்டும் ஹட்டி என்கிற ஆட்டுக்காரர் குடியிருப்புக்கு வெளியே, முள்வேலியைத் தாண்டி, குனிந்தால்தான் நுழைய முடிகிற ஓலைக் குடிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். மாதா மாதம் இதுதான் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, அவனுக்கு ஒரு நாளாவது வயிறு வலித்திருக்காது.

சாதாரண வலி இல்லை அது. இடுப்பைப் பிடித்து, தொடை வழியாக இறங்கி, கால் மரத்துப் போகும். வாந்தி வரும். சுகாதார நிலையத்து நர்ஸம்மா கொடுத்த மாத்திரை கேட்கத்தான் செய்தது. ஆனால் ஆறி விறைத்துப்போன களியை விழுங்கிவிட்டு அதைப் போட்டால் நெஞ்செரிச்சல் பிடுங்கி எடுத்தது. சூடாக ஏதாவது குடித்துவிட்டு மாத்திரை போடச் சொல்லிவிட்டு நர்ஸம்மா ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டாள். சூட்டுக்கு எங்கே போவது?

குடிசையில் தீ மூட்டக் கூடாது. மற்றக் கட்டுப்பாடுகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இதில் மட்டும் பூசாரி கெம்பய்யா இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். தீட்டுக்காரி மூட்டிய தீ வேலியைத் தாண்டி வருமாம், ஆட்டு மந்தையைத் தின்றுவிட்டுத்தான் அடங்குமாம். அவருடைய அப்பாவும் இதையே சொன்னார். அங்கே யாரும் அடுப்பு மூட்டியதில்லை, ஆகவே மந்தை எரிந்ததையும் யாரும் பார்த்ததில்லை.

மாமியார் நிங்கம்மாவிடம் பொம்மக்கா கேட்காமல் இல்லை. ஓமமும் சுக்கும் தட்டிப் போட்டு ஒரு டம்ளர் கஷாயம் அனுப்பச் சொல்லி ஓரகத்தி லக்கம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவாள். நிங்கம்மா மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். ஆடுகளை ஓட்டிவிட்டு, சமைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு வைப்பாள். லக்கம்மா அதைக் கொண்டுவந்து, மேலே பட்டுவிடாமல் இடுப்புயரத்திலிருந்து கீழே இருக்கும் டம்ளரில் ஊற்றுவாள். பாதி மண்ணுக்குப் போகும். மீதி பச்சைத் தண்ணீர்போல இருக்கும். ஒரு தடவை பொம்மக்கா வாய்விட்டு அழுதபோது, நிங்கம்மா சொல்லி அனுப்பிய பதில் இதுதான்: "எங்களுக்கெல்லாம் யாரு கஷாயம் வெச்சா? நாங்க செத்தா போயிட்டோம்?"

அந்தப் பதில் பொம்மக்காவுக்குள் தைத்துவிட்டது. அடுத்த சிரா ஊர்ச் சந்தையில் ஆட்டுக்குக் கயிறு வாங்கப் போனவள், கயிற்றோடு ஒரு பொட்டலம் ஓமமும் சுக்கும் வெல்லமும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஓட்டை உடைசல் இல்லாத ஒரு சட்டியையும் தீப்பெட்டியையும் குடிசைக் கூரையில் செருகி வைத்தாள். தன் நாள் வந்ததும் குடிசை வாசலில் மூன்று கல்லை வைத்து, சுள்ளி பொறுக்கி, அடுப்பை மூட்டினாள்.

ஓமத்தை வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்தாள். நசுக்கிய சுக்கைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, பாதியாகச் சுண்டியதும் வெல்லத்தைப் போட்டு இறக்கினாள். ஊதி ஊதிக் குடித்தாள். குடித்ததும் வலி பறந்துவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. ஆனால் முறுக்கிப் பிடித்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மாத்திரையும் நெஞ்சைக் கரிக்காமல் இறங்கியது. ஆமணக்கு இலையை அனலில் வாட்டி அடிவயிற்றில் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தக் குடிசையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்தது அன்றுதான்.

ஒன்றை மட்டும் மறந்துபோனாள். புகையை மறைக்கக் காய்ந்த சுள்ளியாகப் பார்த்துப் பொறுக்கியவளுக்கு, வறுத்த ஓமம் ஊரைக் கூட்டும் என்பது தோன்றவே இல்லை. காற்று வேறு அன்று ஹட்டிப் பக்கம் அடித்தது.

முதலில் வந்தவர் கெம்பய்யா. பின்னால் பத்துப் பதினைந்து ஆண்கள், அவர்களுக்கு நடுவில் பொம்மக்காவின் புருஷன் தாசப்பா, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. குடிசைக்கு முன்னால் நட்டிருந்த எல்லைக் கல் வரை வந்து எல்லாரும் நின்றார்கள். அதற்கு மேல் ஆண்கள் வரக் கூடாது.

"அணைம்மா அதை," என்றார் கெம்பய்யா.

பொம்மக்கா எழுந்து நின்றாள். இடுப்பு இன்னும் வலித்தது. "எனக்குக் குனிய முடியல சாமி. நீங்க வந்து அணைச்சிட்டுப் போங்க."

யாரோ சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக்கினான். கெம்பய்யாவின் முகம் சுண்டிப்போனது. தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். கல்லில் நின்றபடி ஒருவன் குடத்தை ஆட்டி வீசி ஊற்றினான். தண்ணீர் பாதி வழியிலேயே விழுந்து செம்மண்ணில் ஓடியது. குடத்தையே எறியலாம் என்றான் இன்னொருவன். எறிந்த குடம் அந்தப் பக்கம் விழுந்தால் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதே, யார் குடத்தை எறிவது என்று பேச்சு வந்தது. எல்லாருக்கும் அடுத்தவன் குடம்தான் தோதாகப் பட்டது. கடைசியில் ஒருவன் கல்லைத் தூக்கினான். கெம்பய்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இரக்கம் ஒன்றும் இல்லை. அடிபட்டு அவள் ரத்தம் சிந்தினால் அந்தத் தீட்டைக் கழிக்க வழி கிடையாது.

பொம்மக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அந்த நிமிஷம்தான் ஒன்று புலப்பட்டது. இத்தனை வருஷம் தன்னைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு, மறுமுனையில் இவர்களையும் கட்டிப்போட்டிருக்கிறது. தான் தொட்டதை இவர்கள் தொட முடியாது. தொட முடியாததை அணைக்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. வாய் மட்டும்தான் இருக்கிறது அவர்களிடம்.

அந்த வாயால் கெம்பய்யா தீர்ப்புச் சொன்னார். அடுப்பை அவளே கலைக்க வேண்டும். குளித்துவிட்டு வந்து, சாமியை வைத்திருக்கும் தேவர் பெட்டிக்கு முன்னால் விழுந்து, இனி மூட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அதுவரை ஹட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. வீடு இல்லை, புருஷன் இல்லை, குழந்தை இல்லை.

தாசப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினான். "விழுந்துட்டு வந்துரேன்," என்றான் மெதுவாக. "பாப்பா தேடுது."

பாப்பாவுக்கு மூன்று வயசு, இன்னும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். பொம்மக்கா உள்ளே போய் இன்னொரு சுள்ளியை எடுத்து வந்து அடுப்பில் வைத்தாள்.

நாள் முடிந்ததும் ஏரியில் தலைமுழுகிவிட்டு ஹட்டி வாசல் படலுக்கு முன்னால் வந்து நின்றாள். முள்படலைச் சாத்திக் கட்டியிருந்தார்கள். வேலி இடுக்கு வழியாகக் குழந்தை கையை நீட்டி அழுதது. அவளும் அழுதாள், அதை மறைக்கவில்லை. அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

தாசப்பா தினமும் ஆடு மேய்க்கப் போகிற வழியில், யாரும் பார்க்காதபோது எல்லைக் கல்லின் மேல் கேழ்வரகு மாவும் கொஞ்சம் எள்ளும் வெந்தயமும் வைத்துவிட்டுப் போவான். அவனால் முடிந்த வீரம் அவ்வளவுதான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை, கூட்டிப் பேசவும் வழியில்லை.

அப்புறம் லக்கம்மாவின் முறை வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு, வழக்கம்போல முனகிக்கொண்டே வந்தவளுக்குப் பொம்மக்கா சூடாக ஒரு டம்ளர் நீட்டினாள். எள்ளுருண்டை கேட்டதற்குக் கொடுக்கவில்லை. லக்கம்மாவுக்கு ரத்தப்போக்கு அதிகம், எள் சூடு, இன்னும் இழுத்துவிடும் என்று திட்டிவிட்டு, ஆமணக்கு இலையை வாட்டிக் கொடுத்தாள். ஊறவைத்த வெந்தயத்தை விழுங்கச் சொன்னாள். லக்கம்மா மறுநாள் காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டாள். குடிசையில் தலை வாரிக்கொள்ளும் அளவுக்கு யாருக்குத் தெம்பு இருந்திருக்கிறது?

அவளுக்கு நாள் முடிந்தது. அவள் போகவில்லை.

"இன்னும் நிக்கலன்னு சொல்லி அனுப்பிட்டேன்க்கா," என்றாள் லக்கம்மா.

"நின்னுடுச்சேடி."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற எவன் வந்து பார்க்கப் போறான்?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த இடத்தில் வயிற்றை வேறு காரணத்துக்காகப் பிடித்தது புதுசு.

செய்தி தண்ணீர் எடுக்கும் இடத்தில் பரவியது. அடுத்து வந்தவளும் போகவில்லை. அதற்கடுத்து, நாள் வராதவளே பாயோடு வந்து சேர்ந்தாள். ஒருத்தி முந்தானையில் சீரகம் கொண்டுவந்தாள், ஒருத்தி பருப்பு, ஒருத்தி ஆமணக்கெண்ணெய். குழந்தைகளை மட்டும் யார் தடுப்பது, அதுகள் வேலி ஓட்டை வழியாக நுழைந்து வந்தன. பொம்மக்காவின் பாப்பாவையும் ஒரு பெரிய பிள்ளை இடுப்பில் தூக்கி வந்துவிட்டது. குடிசை போதாமல் வேப்ப மரத்தடியில் பாய் விரித்தார்கள். பூசாரி வீட்டு மருமகள்கூட வந்து, மாமனாருக்கு வெந்நீர் வைக்க இன்று ஆளில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஹட்டிக்குள் ஆண்கள் களி கிண்டினார்கள். கேழ்வரகுக் களி கட்டி தட்டாமல் கிண்டுவது எவ்வளவு சள்ளை என்பது அன்றைக்குத்தான் பல பேருக்குத் தெரிந்தது. அடி பிடித்தது, உள்ளே மாவாகவே இருந்தது, கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தனும் வாயைத் திறந்து இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். பெண்களின் அந்த விஷயத்தை ஒரு ஆண் பேசினாலே அவன் வாய்க்குத் தீட்டு. இதுவும் அவர்கள் போட்ட சட்டம்தான்.

இப்படியே நாள் ஓட, திருவிழா நெருங்கியது. தேவர் பெட்டி ஏரிக்குப் போக வேண்டுமானால் முன்னால் பெண்கள் தலையில் மாவிளக்கு ஏந்திப் போக வேண்டும். மாவு இடிக்கக்கூட ஹட்டியில் ஆள் இல்லை. இருந்த ஒரே பெண்பிள்ளை, தீட்டு நின்று இருபது வருஷத்துக்கு மேலான நிங்கம்மா. அவள் ஒருத்தியாக எத்தனை விளக்கைத் தூக்குவாள்?

ஒரு காலையில் கெம்பய்யா ஆட்களோடு மறுபடியும் எல்லைக் கல்லுக்கு வந்தார். அன்றைக்கென்று பொம்மக்காவுக்கு அடுத்த மாத நாளும் வந்துவிட்டிருந்தது. முகம் வெளுத்துப்போய், சூடான இலையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

கெம்பய்யா நேராக விஷயத்துக்கு வரவில்லை. மழை பெய்யாததைச் சொன்னார், மந்தையில் இரண்டு குட்டி செத்ததைச் சொன்னார். மந்தை எரியவில்லையே என்று லக்கம்மா பின்னாலிருந்து முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. கடைசியில் பொறுமையிழந்து, ஹட்டிப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் வருவது எந்தக் காலத்தில் நடந்திருக்கிறது, எல்லாம் நாடகம் என்றார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படல் திறந்தது. நிங்கம்மா வெளியே வந்தாள். கக்கத்தில் பாய். ஆண்களைச் சுற்றிக்கொண்டு, எல்லைக் கல்லைத் தாண்டி, பெண்கள் பக்கம் நடந்தாள்.

கெம்பய்யா பேச்சை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நிங்கக்கா, நீ எங்க போற?"

"வெளிய."

"உனக்கு... உன் வயசுக்கு..."

நிங்கம்மா நின்று திரும்பினாள். கெம்பய்யா கோவணம் கட்டாமல் திரிந்த காலத்திலிருந்து அவரைப் பார்த்தவள். "ஏன் கெம்பா, எனக்கு எப்ப வந்தது, எப்ப நின்னதுன்னு நீ கணக்கு வெச்சிருக்கியா? சந்தேகமா இருந்தா கிட்ட வந்து பாரு."

ஒரு ஆணும் நிமிரவில்லை. எல்லாருக்கும் அவரவர் கால் நகத்தில் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது.

நிங்கம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொம்மக்கா சட்டியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி, கையில் கொடுத்தாள். கிழவி சூட்டைப் பார்க்காமல் ஒரு மடக்கு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தினால் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"எத்தனை வருஷம் இங்க வந்து படுத்திருக்கேன்," என்றாள். "மூணு பிள்ளை பெத்ததும் இங்கதான். இங்க வெச்சு சூடா ஒண்ணு இந்த வயித்துக்குள்ள போறது இன்னைக்குத்தான்." பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு யாரும் வெக்கலன்னு உனக்கும் வெக்காம இருந்தேன். அது தப்புடி."

பொம்மக்கா கிழவியின் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

கெம்பய்யா இறங்கி வந்தார். அவரைப் போன்றவர்கள் இறங்கி வருவதையும் வரம் கொடுப்பதுபோலத்தான் செய்வார்கள். குடிசையில் அடுப்பு இருக்கட்டும், சாமி பொறுத்துக்கொள்வார், பெட்டி முன்னால் யாரும் விழ வேண்டாம், எல்லாரும் தலைமுழுகிவிட்டு வந்து மாவு இடிக்க வேண்டியது என்றார்.

பெண்கள் பொம்மக்காவைப் பார்த்தார்கள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. சரி என்றால் முடிந்தது.

"அது அன்னைக்குக் கேட்டது சாமி," என்றாள் பொம்மக்கா. "அன்னைக்கே விட்டிருந்தா நானும் அதோட போயிருப்பேன். என் பிள்ளைய வேலிக்கு அந்தப் பக்கம் வெச்சு அழ விட்டீங்க. இப்ப எனக்கு இந்த அடுப்பு பத்தாது. என் வீட்டு அடுப்புல, என் கையால வெச்சு, என் வீட்டுல படுத்துக் குடிக்கணும்."

"எப்போ?"

"இப்போ. இன்னைக்குத்தான் எனக்கு முதல் நாள்."

கெம்பய்யா அதிர்ந்து போய் நிங்கம்மாவைப் பார்த்தார். வீட்டுப் பெரியவள் அவள், மருமகளை அவள் அடக்குவாள் என்று எதிர்பார்த்தார்.

"அடுப்படி என்னோடது," என்றாள் நிங்கம்மா எழுந்துகொண்டே. "யாரு நுழையணும்னு நான் சொல்றேன். நுழையட்டும்."

பொம்மக்கா பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்லைக் கல்லை நோக்கி நடந்தாள். கல்லைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னால் லக்கம்மா, பூசாரி வீட்டு மருமகள், மற்றவர்கள், பாயும் கையுமாக.

நிறுத்துங்கள் என்று கெம்பய்யா கத்தினார். நிறுத்த ஆட்கள் தயாராகத்தான் இருந்தார்கள், வாட்டசாட்டமான ஆட்கள். ஆனால் நிறுத்த வேண்டுமானால் கையைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் குறுக்கே நின்று மேலே மோதவிட வேண்டும். பொம்மக்கா நேராக அவர்களை நோக்கி வந்தாள். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முதலில் நின்றவன் ஒரு எட்டு பின்னால் வைத்தான். அடுத்தவன் பக்கவாட்டில் குதித்தான். ஒருவன் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வேலி முள்ளில் போய் விழுந்தான். கெம்பய்யா தாமே எங்கே நிற்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆடிவிட்டு, கடைசியில் சாக்கடையில் கால் வைத்து ஒதுங்கினார்.

வாசலில் தாசப்பா நின்றிருந்தான். படலை இழுத்து அகலமாகத் திறந்துவிட்டான். தீட்டுக்குப் பயந்து திறந்தானா, மனசாரத் திறந்தானா என்று கேட்டால் இன்றுவரை சொல்லமாட்டான்.

பொம்மக்கா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சந்து நெடுக ஆண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த நிங்கம்மாதான் அவர்களுக்காகப் பரிதாபப்பட்டவள்போலக் குரல் கொடுத்தாள்:

"தள்ளி நில்லுங்கப்பா, தள்ளி நில்லுங்க. மேல பட்டுறப் போகுது."